கவிழ்த்த டம்ளர்

செல்வலட்சுமியின் நாக்கைப் பற்றி அந்த ஊருக்கே ஒரு பெருமை உண்டு. திருச்சுழியில் நரிக்குடி பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கினால் வருகிற ஊர். பெருமைப்பட்டுக்கொள்ள அங்கே வேறு எதுவும் பெரிதாக இல்லை. கருவேல மரமும் உப்புத் தண்ணீரும் சுற்றுப்பட்டு எல்லா ஊரிலும்தான் இருக்கின்றன. இப்படி ஒரு நாக்கு எந்த ஊரிலும் இல்லை.

அவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், புகுந்த வீட்டுச் சனங்கள் விளையாட்டாக மூன்று செம்பில் தண்ணீர் வைத்து, எது எந்தத் தண்ணீர் என்று கேட்டார்கள். புதுப்பெண் வெட்கப்பட்டு முழிப்பாள், சிரித்துவிட்டுக் கலையலாம் என்று நினைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, முதலாவது கண்மாய்த் தண்ணீர், இரண்டாவது போர்த் தண்ணீர் என்றாள். மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்து, "ரெண்டையும் கலந்து வச்சிருக்கீக" என்றாள். கலந்து வைத்தது அவள் புருஷன் பூமிநாதன்தான். அன்றைக்கு அவளிடம் விழுந்த மனுஷன், முப்பது வருஷமாகியும் எழுந்திருக்கவில்லை.

பூமிநாதன் கொஞ்ச காலம் மானாவாரி நிலத்தோடு மல்லுக்கட்டினார். பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு டீத்தூள் கடைக்கு வேலைக்குப் போனார். அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, வீட்டிலேயே தூள் கலக்க ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஏலக்காய் டீ, இஞ்சி டீ, சுக்கு டீ, மசாலா டீ. இஞ்சியைக் காயவைத்து இடிப்பதும் ஏலக்காயைப் பொடிப்பதும் யாரும் செய்துவிடலாம். எவ்வளவு போட்டால் டீயோடு சேர்ந்து நிற்கும், எவ்வளவு போட்டால் டீயையே முழுங்கிவிடும் என்று சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும். பூமிநாதனுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். மல்லிகைப்பூவையும் மாட்டுச் சாணத்தையும் கண்ணால் பார்த்துத்தான் பிரித்துச் சொல்வார். மகன் மாரீஸ்வரனுக்கோ எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கும். ஆகவே அந்த ஆள் செல்வலட்சுமி ஆனாள். நரிக்குடியிலிருந்து காரியாபட்டி வரை நாற்பது கடைகள் அவள் குடிக்கிற ஒரு வாயை நம்பித்தான் பாய்லரைப் பற்றவைத்தன.

புதன்கிழமை காலையில் ருசி பார்ப்பார்கள். அன்றைக்கு விடிந்ததிலிருந்து வீட்டில் தாளிக்கக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது. அந்த வாரம் கலந்த தூள்களைக் கேன் தண்ணீரில், பாலும் சீனியும் இல்லாமல் காய்ச்சிக் கண்ணாடி டம்ளர்களில் வரிசையாக வைப்பார்கள். ஊர்ப் போர்த் தண்ணீரில் காய்ச்சினால் எந்த டீயும் கருத்துப்போய் உப்புக் கரிக்கும். அவரவர் டம்ளரில் எல்லோரும் குடிக்கலாம், ஆனால் தீர்ப்பு அவளுடையது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, பக்கத்துச் சட்டியில் துப்புவாள். மிச்சத்தையும் சட்டியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் அந்தத் தூள் தேறிவிட்டது என்று அர்த்தம். கவிழ்க்காமல் தள்ளி வைத்தால் திரும்பக் கலக்க வேண்டும். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டாள். ஒருமுறை மாரீஸ்வரன் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு எலுமிச்சைப் புல் போட்டு ஒரு தூள் கலந்துகொண்டு வந்தான். அதற்கு மட்டும் வாயைத் திறந்தாள். தரை துடைக்க ஆகும் என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பாலவனத்தத்திலிருந்து மருமகள் தேவிபிரியா வந்தாள். வந்த முதல் புதன்கிழமையே, விவரம் தெரியாத பிள்ளை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே அத்தை என்று சொல்லிவிட்டாள். அதற்குள் செல்வலட்சுமி டம்ளரைக் கவிழ்த்திருந்தாள். கவிழ்த்த டம்ளருக்கு மேல் இந்த வீட்டில் பேச்சு கிடையாது.

"பாலவனத்தத்துல டீன்னு என்னத்தக் குடிச்சு வளந்தியோ. ரெண்டு வருசம் சும்மா குடி. நாக்குன்னு ஒண்ணு முளைச்ச பெறகு சொல்லு."

பூமிநாதன் சிரித்தார். மாரீஸ்வரனும் சிரித்தான். தேவிபிரியாவும் சேர்ந்து சிரித்தாள், வேறு என்ன செய்வாள்? அதற்கப்புறம் அவள் எந்தப் புதன்கிழமையும் வாயைத் திறக்கவில்லை. மாமியார் டம்ளரைக் கவிழ்த்தால் தானும் கவிழ்ப்பாள், தள்ளினால் தானும் தள்ளுவாள். ரெண்டு வருஷம் முடிந்தது, நாலு வருஷமும் முடிந்தது. நாக்கு முளைத்ததா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

அவள் இஞ்சி தூக்கல் என்று சொன்ன அந்த முதல் வாரமே காரியாபட்டிக் கடைக்காரர் இஞ்சி தொண்டையைப் பிடிக்கிறது என்று மாரீஸ்வரனிடம் சொல்லி அனுப்பினார். அவன் அதை அம்மாவிடம் மட்டும் சொன்னான். அவள் ஒன்றும் பேசாமல் அடுத்த கலவையில் இஞ்சியை ஒரு கை குறைத்தாள். மருமகளைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன குறைந்துவிடும்? அப்போது அவளுக்குக் குறைந்துவிடும் போலத்தான் இருந்தது.

போன ஐப்பசியில் ஊரெல்லாம் வந்த காய்ச்சல் செல்வலட்சுமிக்கும் வந்தது. ஐந்து நாள் படுத்து எழுந்தாள். ஆறாம் நாள் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தபோது, கொல்லையிலிருந்து தேவிபிரியா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பால் அடிப்பிடித்துத் தீய்ந்து, தெருமுனை வரைக்கும் வாடை போயிருந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவள் இஞ்சியை மூக்கில் வைத்துப் பார்த்தாள். ஏலக்காயை நசுக்கிப் பார்த்தாள். மகன் பைக்கின் பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்த்தாள். கடைசியில் தெருக்கோடிச் சாக்கடையோரம் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒரு மனுஷி சாக்கடை நாறாதா என்று ஏங்கி நின்றதை நினைத்தால் சிரிப்பு வரும். அவளுக்கு அழுகைதான் வந்தது. இஞ்சியை மென்றால் காரம் தெரிந்தது, இஞ்சி தெரியவில்லை. இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் தெரிந்தன. மற்றதெல்லாம் போய்விட்டது.

முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டைக்குத் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். நரம்பு சமாச்சாரம், சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது, பொறுத்துப் பாருங்கள் என்றார் அவர். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். வீட்டில் இது தெரிந்தால் தூள் கலக்குவதை நிறுத்த வேண்டியதுதான். தொழிலாவது போகட்டும், நாக்கு இல்லாத செல்வலட்சுமி அந்த வீட்டில் யார்? சமையல் மருமகளுடையது, வெளிவேலை மகனுடையது. அவளுக்கென்று இருந்தது புதன்கிழமை மட்டும்தான். திருச்சுழி வருவதற்குள் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவளுக்கு நரகம். வாயில் வெறும் சூடான கசப்பை உருட்டிக்கொண்டே எதிரில் இருக்கும் தேவிபிரியாவின் முகத்தைப் பார்ப்பாள். முகம் சுளிக்கிறதா, புருவம் ஏறுகிறதா என்று பார்ப்பாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாததால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டம்ளரைக் கவிழ்ப்பாள். அளவெல்லாம் பழைய அளவு என்பதால் மார்கழி வரை வண்டி ஓடியது.

தைப் பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைத்தபோது, சரக்கு அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே அந்துருண்டை போட்டாள் செல்வலட்சுமி. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பக்கத்து அலமாரியில் வைத்தாள், மறந்தும் போனாள். முன்பெல்லாம் அந்த அறைக்குள் ஒரு சோப்புக் கட்டியைக்கூட அவள் விடமாட்டாள். மூக்கு இருந்திருந்தால் அந்த வாடையே அவளை எழுப்பி உட்காரவைத்திருக்கும். பொட்டலத்துக்கு முன்னால், திருவிழா மாதங்களுக்கென்று வாங்கிய ஏலக்காய்ச் சாக்கு ஒரு மாசம் சாய்ந்து கிடந்தது.

மாசி மாதத்து முதல் புதன்கிழமை, அந்த ஏலக்காயில் கலந்த தூளைக் காய்ச்சி வைத்தார்கள். செல்வலட்சுமி ஒரு வாய் எடுத்தாள். தேவிபிரியா ஒரு வாய் எடுத்தாள், எடுத்ததும் மாமியாரைப் பார்த்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வலட்சுமி டம்ளரைக் கவிழ்த்தாள். தேவிபிரியாவும் கவிழ்த்தாள். அறுபது கிலோ தூள் பாக்கெட்டில் அடைபட்டு நாற்பது கடைக்கும் போனது.

வெள்ளிக்கிழமை திருச்சுழி கருத்தப்பாண்டி கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, பெட்டியில வச்ச பட்டுச்சேலையக் காய்ச்சிக் குடிச்ச மாதிரி இருக்கு. ஆளாளுக்குக் கிளாஸைக் கீழ வச்சுட்டுப் போறாக" என்றார் அவர். சாயங்காலத்துக்குள் இன்னும் பத்துக் கடைகள் கூப்பிட்டுவிட்டன. மாரீஸ்வரன் பைக்கை எடுத்துக்கொண்டு போய், கொடுத்த லோடையெல்லாம் திரும்ப அள்ளிக்கொண்டு வந்தான். பாதிக் கடைக்காரர்கள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பூமிநாதனுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. செல்வலட்சுமியின் நாக்கைத் தாண்டி இந்த வாடை போயிருக்காது. அப்படியென்றால் ருசி பார்த்த பிறகுதான் ஏறியிருக்க வேண்டும். பாக்கெட் போட்டது யார்? மருமகள். அவர் தேவிபிரியாவைக் கூப்பிட்டு, கையில் எதைத் தொட்டுவிட்டுத் தூளைத் தொட்டாய் என்று கேட்டார். மாரீஸ்வரன் அதைவிடச் சத்தமாகக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தெரியலை மாமா, தெரியலை என்று மட்டும் சொன்னாள். செல்வலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்துருண்டைப் பொட்டலம் அவளுக்கு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. இருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. தன்னைத் தானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மறுநாள் அடுப்படியில் தனியாக இருக்கும்போது கேட்டாள். "புதன்கிழமை குடிச்சியே, உனக்கு வாடை அடிச்சிச்சா?"

தேவிபிரியா பாத்திரம் விளக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். "அடிச்சிச்சு அத்தை."

"பெறகு ஏன்டி சொல்லலை?"

"நீங்கதான் கவுத்திட்டீகள்ல. என் நாக்குத்தேன் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். செல்வலட்சுமிக்கு நாலு மாசத்தில் முதல் தடவையாக ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. இந்த வீட்டில் இன்னொரு நாக்கு உயிரோடுதான் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பிவிட்டால் போதும். மிச்சமிருக்கிற இருபது கடையை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். தனக்கு என்ன பெயர் வந்தாலும் வரட்டும்.

அடுத்த புதன்கிழமை அவளே எழுந்து டீ காய்ச்சினாள். புது ஏலக்காய், புதுத் தூள். மூன்று வகை, ஆளுக்கு மூன்று டம்ளர். இரண்டு வகையைக் கேன் தண்ணீரில் காய்ச்சினாள். நடு டம்ளருக்கு மட்டும் வேண்டுமென்றே போர்த் தண்ணீரை ஊற்றிக் காய்ச்சினாள். குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். தேவிபிரியா எல்லோர் முன்னாலும் அதை எடுத்து, உப்புக் கரிக்கிறது என்று சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்த வார்த்தை தானாக வரும் என்று நினைத்தாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி தன் டம்ளர்களைத் தொடவில்லை.

"எனக்கு வாசம் தெரியலை. ஐப்பசிக் காச்சலோட போச்சு. அந்துருண்டை வச்சதும் நாந்தேன். இவ மேல ஒரு குத்தமும் இல்லை" என்றாள்.

பூமிநாதன் பொடி மட்டையைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். கிறுக்குத்தனமாகப் பேசாதே என்று ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொடி மட்டையை மூடினார். மாரீஸ்வரன் பொண்டாட்டியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான். செல்வலட்சுமி மருமகள் பக்கம் திரும்பினாள்.

"இனிமே நீ சொல்றதுதேன். கவுக்கணும்னாக் கவுத்து, தள்ளணும்னாத் தள்ளு. யாருக்கும் பயப்படாத."

தேவிபிரியா முதல் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு வைத்தாள். நடு டம்ளரை எடுத்து ஒரு வாய் உறிஞ்சினாள். ஒரு கணம் நின்றாள். திரும்ப ஒரு வாய் குடித்தாள். செல்வலட்சுமி, சொல்லு, சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினாள். தேவிபிரியா மூன்றாவதையும் குடித்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். எதைக் கவிழ்ப்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் மூன்று டம்ளரையும் சேர்த்து வைத்தாள்.

"மூணும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு நடு டம்ளரை இரண்டு கையாலும் எடுத்து மாமியாரிடம் நீட்டினாள். "இது மட்டும் நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்கத்தை. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

செல்வலட்சுமி வாங்கினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் புதன்கிழமையில் சிரித்த சிரிப்பு அவள் காதில் கேட்டது. மருமகளின் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நம்புகிற தைரியத்தைத்தான் செல்வலட்சுமி அன்றைக்கே அறுத்துப்போட்டிருந்தாள். தன் வாசமாவது ஒருவேளை ஒரு நாள் திரும்பும். இது திரும்புவதற்கு எந்த டாக்டரிடம் போவது?

அவள் ஒரு வாய் குடித்தாள். உப்புக் கரித்தது. அது ஒன்றுதான் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எதிரில் தேவிபிரியா, டம்ளர் கவிழுமா கவிழாதா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.