மூடி வளையம்

ஆல்வின் மாப்ஸ் தன் படகைக் கயிறு போட்டுக் கட்டும் இடத்தில் கரையோரமாக நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் ஒரு நிமிஷமாவது நின்றுவிட்டுத்தான் போவார்கள். அப்படி நிற்க வேண்டும் என்பதற்காகவே அவர் ‘மேரிகோல்ட்’ என்கிற அந்தப் படகின் எஞ்சின் அறைக் கதவுகளை இரண்டு பக்கமும் அகலத் திறந்து போட்டிருப்பார். உள்ளே அவரைவிட வயதில் மூத்த இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், செப்புக் குழாயும் பித்தளை மூடியுமாகப் பளபளத்துக்கொண்டு நிற்கும். யாராவது “எந்தக் காலத்து எஞ்சின் இது?” என்று கேட்டால் காதில் விழாதவர் போல இருந்து, கையிலிருக்கும் துணியை நிதானமாக மடித்து, அப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பார். காலையிலிருந்து அந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஈனிட் செத்துப்போன வருஷம் வீட்டை விற்றுவிட்டு வெட்டுக்கு வந்தார். கால்வாய்க்கு இங்கே வெட்டு என்றுதான் பெயர். மண்ணை வெட்டிப் பண்ணியதை வேறென்ன சொல்வது. ஏழடி அகலத்துக்கு நீட்டமாகப் போகும் படகில் ஒண்டியாகக் காலம் தள்ள ஒரு மனுஷனுக்கு ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டும். ஆல்வினுக்கு எஞ்சின். தினம் காலையில் எஞ்சின் தலையில் ஏறி இறங்கும் ராக்கர்களுக்கு எண்ணெய் விடுவார், சாயங்காலம் படகைக் கட்டியதும் பின்பக்கத்து கிரீஸ் திருகை ஒரு சுற்று இறுக்குவார், வாரக் கடைசியில் பித்தளை எல்லாவற்றையும் கழற்றித் தேய்ப்பார். ஒருநாள் தவறியதில்லை.

அதனாலேயே வெட்டில் யாருடைய எஞ்சின் இருமினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அவரும் வருவார், காசு வாங்க மாட்டார், ஒரு கோப்பை டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே அரை மணி நேரம் திட்டுவார். டீசலில் தண்ணீர் இறங்கியிருந்தால் அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“மூடி வளையம் பாத்தியா?”

டீசல் ஊற்றும் வாய், படகின் பின்தளத்தில் கால் மிதிபடும் இடத்தில் இருக்கிறது. அதன் பித்தளை மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். அது வெடித்திருந்தால் போதும், தளத்தில் தேங்குகிற மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக டேங்கில் இறங்கிவிடும். இதை ஆல்வின் எல்லாருக்கும் பாடம் எடுத்திருக்கிறார். கோலின் என்ற பக்கத்துப் படகுக்காரனுக்கு மட்டும் மூன்று தடவை, அவன் மனைவி ஜில்லின் முன்னால் வைத்து.

லோர்னா பெக் எங்களுக்கு டீசல்காரி. ‘ப்ளோவர்’ என்கிற அவள் படகில் நிலக்கரி மூட்டை, கேஸ் சிலிண்டர், நடுவில் டீசல் டேங்க். வெட்டின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரைக்கும் போய்த் திரும்புவாள். கிளம்பும்போது ப்ளோவர் தண்ணீரில் ஆழமாக உட்கார்ந்திருக்கும், விற்க விற்க மேலே எழும்பும். அதைப் பார்த்தே அவளுக்கு வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடலாம்.

அக்டோபரில் அவள் மேரிகோல்டுக்கு டீசல் ஊற்றினாள். குழாயை எடுக்கும்போது நாலு சொட்டு மூடியைச் சுற்றிச் சிந்திவிட்டது. ஆல்வின் முகத்தைச் சுளித்தார்.

“ஐயோ, உங்க பித்தளைக்கு அம்மை போட்டுடுச்சா? தொடச்சுக்கோங்க பெரியவரே, பொழுது போகும்” என்று லோர்னா சிரித்துக்கொண்டே போனாள்.

அவள் வளைவு திரும்புவதற்குள் அவர் மூடியைக் கழற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் விடவே இல்லை.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் மதகான ஹாக்ஸ்லி பூட்டுக்கு முன்னால் மேரிகோல்ட் நின்றுபோனது. பூட்டை ஒட்டி ஒரு மதுக்கடை. வெயிலைக் கண்டதும் தோட்டம் முழுக்க ஜனம். எஞ்சின் ஒரு தடவை இருமியது, இரண்டு தடவை கறுப்புப் புகை விட்டது, பிறகு பேச்சு மூச்சில்லை. நீளப் படகு அப்படியே குறுக்கே திரும்பி இரண்டு கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வாடகைப் படகில் வந்த இளவட்டங்கள் கைதட்டினார்கள்.

“தாத்தா, சாவி குடுக்க மறந்துட்டீங்களா?”

கோலின்தான் கயிற்றை வாங்கி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தான். ஆல்வின் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து ஜாம் பாட்டிலில் பிடித்தார். மேலே சிவப்பு டீசல் கொஞ்சம், கீழே முக்கால் பாட்டிலுக்குத் தெளிந்த தண்ணீர்.

கோலினுக்கு வாய் சும்மா இருக்குமா? “மூடி வளையம் பாத்தீங்களா?”

தோட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர்கள் வேறெதற்கோ சிரித்திருக்கலாம். ஆல்வினுக்குக் காது மடல் வரை சூடேறியது.

“என்கிட்டயா கேக்கற? இது லோர்னா ஊத்தின டீசல். அவ டேங்குல தண்ணி எறங்கியிருக்கு. பாத்து வாங்குங்க எல்லாரும்.”

கோலின் சிரிப்பை நிறுத்திவிட்டான். ஆல்வின் சொன்னால் அதற்கு அப்பீல் ஏது?

வெட்டில் படகு நடக்கிற வேகத்தில்தான் போகும். சேதி அப்படியில்லை. நாய் கூட்டிப்போகிறவன் சைக்கிள்காரனிடம் சொல்வான், அவன் பூட்டில் காத்திருக்கிறவளிடம் சொல்வான். கரைத்தந்தி என்று அதற்குப் பெயர். லோர்னா கீழ்முனை போய்ச் சேருவதற்கு முன்பே அவளுடைய டீசல் கெட்டுப்போன கதை அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

ஆல்வின் இரண்டு நாள் பாடுபட்டு டேங்கைக் காலி செய்து, வடிகட்டி மாற்றி, குழாய்களில் காற்றெடுத்து எஞ்சினைக் கிளப்பினார். மூடியைத் திருப்பிப் பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. வாரக் கடைசியில் வழக்கம்போல் பித்தளை தேய்க்கும் சாமான் பெட்டியைத் திறந்தார். பாலிஷ் டப்பாவின் கழுத்தில் கறுப்பாக ஒன்று கிடந்தது.

தொலைந்துபோகக் கூடாதே என்று அவரேதான் அங்கே மாட்டியிருந்தார். மூடியைத் தேய்க்கும்போது கழற்றியது. மூடியைத் திருப்பிப் போட்டபோது மறந்தது. அந்த வளையம் வெடிக்கவில்லை, தேயவில்லை, போன வசந்தத்தில்தான் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார்.

வளையம் மறந்துபோனதைக்கூட ஒருவேளை அவர் பின்னால் மன்னித்துக்கொண்டிருப்பார். அந்த நிமிஷம் தான் முதலில் செய்த காரியத்தைத்தான் அவரால் மன்னிக்கவே முடியவில்லை. கதவு வழியாகத் தலையை நீட்டிக் கரையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாருமில்லை. திருடனைப் போலப் பின்தளத்துக்குப் போய், வளையத்துக்கு கிரீஸ் தடவிப் போட்டு, மூடியை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து டீ போட்டார்.

அடுத்த வாரம் ப்ளோவர் திரும்பி வந்தது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி வந்தது. போனபோது இருந்த அதே ஆழம். லோர்னா மேரிகோல்டை உரசாமல் பக்கத்தில் அணைத்து, கூரையில் தட்டினாள். முகம் வற்றியிருந்தது.

“ஆல்வின், உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். நல்லாத்தான் பாத்து ஊத்தினேன், எப்படித் தண்ணி வந்துச்சுன்னே தெரியல. டேங்க மொத்தமா எறைச்சுக் கழுவிட்டேன். இருந்த டீசலையும் கழிச்சுட்டுப் புதுசா ரொப்பியிருக்கேன். உங்க எஞ்சினுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் எங்க போய் மூஞ்சிய வச்சுக்குவேன்?”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவருக்குள்ளே ஒருவன் கத்தினான். வாயில் வந்தது வேறு.

“விடும்மா. ஆகறதுதான்.”

அவள் கண் கலங்கிவிட்டது. ஒரு மூட்டை நிலக்கரியைத் தூக்கி அவர் கூரை மேல் வைத்தாள். “வேணாம்னு சொல்லாதீங்க. இத வாங்கிக்கிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் கேவலம்.

அந்த மூட்டையை அவரால் எரிக்க முடியவில்லை. அடுப்பு அணைந்து படகு ஜில்லிட்டபோதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கூரையில் அது இருக்கிற இடம் அவருக்கு உள்ளிருந்தே தெரிந்தது. நாலாம் நாள் எழுந்து கோலின் படகுக்குப் போய்த் தட்டினார்.

“கோலின், அது லோர்னா டீசல் இல்ல. தப்பு என்னோடது. மூடி வளையத்த நான்தான் போட மறந்துட்டேன்.”

கோலின் அவரை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே திரும்பி, “ஜில், இங்க வந்து கேளேன்! பெரியவர் லோர்னாவுக்காகப் பழிய தன் தலையில போட்டுக்கறார்!” என்றான்.

“இல்லடா, நெஜமாவே—”

“நீங்களாவது வளையத்த மறக்கறதாவது! என் மானத்த மூணு தடவ வாங்கின ஆளு நீங்க. பெரிய மனசு உங்களுக்கு. ஆனா நான் அவகிட்ட டீசல் வாங்கறதா இல்ல.”

ஜில் ஒரு துண்டு கேக்கைக் கையில் திணித்தாள். அடுத்த படகிலும் அதே கதை. அதற்கடுத்த படகுக்கு அவர் போவதற்குள் கரைத்தந்தி முந்திக்கொண்டது. “உங்கள மாதிரி ஆளுங்க இப்ப எங்க இருக்காங்க” என்று அங்கே ஒரு கிழவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆயுசு முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தேய்த்து வைத்த பேர். இப்போது அதில் அழுக்கு ஒட்ட மாட்டேன் என்கிறது. வெட்கத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மூட்டையை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ப்ளோவர் கட்டியிருந்த பாலம் வரை தள்ளிக்கொண்டு போனார். லோர்னாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. டப்பாவின் கழுத்து, கரையை எட்டிப் பார்த்தது, அவள் மன்னிப்புக் கேட்ட அன்றைக்கே தனக்கு எல்லாம் தெரியும் என்பது வரைக்கும்.

லோர்னா உடனே நம்பினாள். “அப்ப என் டீசல்ல ஒண்ணுமே இல்லையா?” என்று முதலில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு மெல்ல மூட்டைகள் மேல் உட்கார்ந்தாள்.

“எல்லாத்தையும் கொட்டிட்டேனே, ஆல்வின். நல்ல டீசல.”

“தெரியும்.”

“ராத்திரியெல்லாம் தூங்காம, எங்க தப்பு பண்ணேன் எங்க தப்பு பண்ணேன்னு…”

அவர் மூட்டையை வண்டியிலிருந்து இறக்கி ப்ளோவரின் ஓரத்தில் வைத்தார். “எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். யாரும் நம்பல.”

“நம்பற மாதிரி சொல்லலை நீங்க.” அவள் எழுந்து கயிற்றை அவிழ்த்தாள். “ஏறுங்க.”

அன்று பூராவும் ஆல்வின் மாப்ஸ் நிலக்கரி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு படகாகப் போனார். கையில், போகிற வழியில் மேரிகோல்டிலிருந்து எடுத்துக்கொண்ட பாலிஷ் டப்பாவும் மூடி வளையமும். வளையத்தை டப்பாவின் கழுத்தில் மாட்டிக் காட்டினார். நாலு சொட்டுக்காக மூடியைத் தேய்க்க உட்கார்ந்ததையும், எச்சில் துப்பி மெருகு ஏற்றியதையும், அதில் தன் மூஞ்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே திருகியதையும் சொன்னார். இப்படி ஒரு சங்கதியை யாரும் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. முதல் படகில் ஒருவன் சிரித்தான். இரண்டாவதில் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாவதில் ஒருத்தி டீசலுக்கு மூடியைத் திறந்துகொண்டே, “வளையம் இருக்கு, பாத்துட்டேன் சார்!” என்று சல்யூட் அடித்தாள்.

மனுஷ மனசைப் பாருங்கள். பத்துப் பேரிடம் சொல்வதற்குள் ஆல்வினுக்குக் கதை சொல்ல வந்துவிட்டது. எச்சில் துப்புகிற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினால் சிரிப்பு கூடுதலாக வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ப்ளோவர் பலகை பலகையாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அவருக்கும் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. லோர்னா சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

கடைசியில் கோலின் படகு. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மூடி வளையம் பாத்தியா, மூடி வளையம் பாத்தியான்னு… யோவ், இனிமே உம்ம பேரே வளையம்தான்யா!”

ஜில்லும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “லோர்னா, எனக்கு ஒரு மூட்டை கரியும் குடு.”

லோர்னா ஆல்வினைப் பார்த்தாள். “அந்த ஓரத்துல தனியா இருக்கே, அத எடுத்துக் குடுங்க.”

அவர் தூக்கிக் கொடுத்தார். மழையில் கிடந்த மூட்டை, கை ஈரமானது.

“இது ஏன் நனைஞ்சிருக்கு?” என்றாள் ஜில்.

“அவரு கூரையில கெடந்தது. நான் குடுத்தது.”

“நீ எதுக்கு இவருக்குக் கரி குடுத்த?”

லோர்னா எஞ்சினை அணைத்தாள். “நீங்க சொல்லுங்க ஆல்வின்.”

கோலின் இன்னும் சிரித்த முகமாகவே நின்றிருந்தான், அடுத்த வேடிக்கைக்குக் காத்திருப்பவனாக. இந்த ஒரு பகுதியை மட்டும் அவர் அன்றைக்கு எந்தப் படகிலும் சொல்லியிருக்கவில்லை. டப்பாவைக் கீழே வைத்தார்.

“இவ என்கிட்ட மன்னிப்புக் கேட்டா. அப்பவே எனக்குத் தெரியும், தப்பு என்னோடதுதான்னு. வளையத்தப் போட்டு மூடிட்டேன் அதுக்கு முன்னாடியே. தெரிஞ்சுக்கிட்டே விடும்மான்னு சொன்னேன். அவ அழுதுக்கிட்டே இந்த மூட்டையக் குடுத்தா. வாங்கிக்கிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜில் மூட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.