வாக்கரில் ஒட்டிய வாசகம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, அக்காள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. யார் கையையும் பிடித்து நடந்தவள் இல்லை நான். போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்தார்கள். சீக்கிரம் நடக்காவிட்டால் கடைசிவரை படுக்கைதான் என்றார் டாக்டர்.

நடக்கப் பழக்க ஒரு பெண் வருவாள். குள்ளமாக இருப்பாள், காதோரம் நரை. பிளாஸ்திரிச் சுருளை வளையல்போல மணிக்கட்டில் மாட்டியிருப்பாள். தினமும் ஒரு துண்டு கிழித்து, பொன்மொழி எழுதி, வாக்கரில் ஒட்டுவாள்.

"படி ஆயா, தெம்பு வரும்."

படித்ததுபோலத் தலையாட்டுவேன். பக்கத்துக் கட்டில்காரி அவளுக்கு ஒட்டியதைப் படித்துவிட்டு வராந்தா வரை போய்வந்தாள். நான் மூன்று நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

நாலாம் நாள் பழக்க வந்தவள் கேட்டாள்: "இன்னா எழுதிக்கீறேன், சொல்லு பாப்போம்."

"கண்ணாடி வூட்ல கீது."

வேறு துண்டு கிழித்து, பெரிதாக இரண்டே எழுத்து எழுதினாள். கூட்டிப் படித்தேன்: நட.

"இன்னாடி, அவளுக்கு மட்டும் அவ்ளோ நீளம்?"

"அவங்களுக்கு அவ்ளோ வேணும். உனக்கு இது போதும், எழுந்திரு."

ஜன்னல்வரை நடந்தேன். இன்றும் காலையில் முட்டி மடங்காதபோது அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

எனக்கு அப்போது எழுத்துக் கூட்டுவதற்குமேல் வாசிப்பு வராதென்று அவளுக்குத் தெரிந்திருந்ததா? கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

வீடு வந்தபின் பேத்தியின் பாடப்புத்தகத்தை வைத்து எழுதப் படிக்கப் பழகினேன். இப்போது அவளிடம் இந்தத் தாளை நீட்டுகிறேன்.

"கண்ணு, நானே எழுதனது. தப்பு கீதுன்னு சிரிக்காம, சத்தமா ஒருவாட்டி படி."