சனிக்கிழமை சானட்

நாற்பது வயதுக்கு மேல் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கப் போனது நானாகத் தேடிக்கொண்ட வினை. கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்பிங் கிளார்க் வேலை. பட்டம் கிடைத்தால் டீச்சராகப் போய்விடலாம் என்ற ஆசை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் வகுப்புக்குப் போய் உட்காருவேன். உட்கார்ந்ததும் கண் சொக்கும். கவிதைத் தாளில் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். மறுபடி ஃபெயிலானால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சானட் என்ற இங்கிலீஷ் கவிதைக்குப் பதினாலு வரி என்பது புரிந்தது. எட்டு வரி புலம்பிவிட்டு ஒன்பதாவது வரியில் கவிஞர் 'ஆனாலும்' என்று திரும்பிக்கொள்வதும் புரிந்தது. அந்த வசதி எனக்கு இல்லையே என்று எரிச்சல்கூட வந்தது. என்னைக் கவிழ்த்தது சந்தம்தான். வரிக்குப் பத்து அசை, ஒன்று மெலிந்து அடுத்தது அழுந்தி, அப்படியே ஐந்து தடவை. என்னைவிட இளையவரான சீன லெக்சரர் மேசையைத் தட்டிக் காட்டுவார். எனக்கு மேசைதான் கேட்டது.

கேட்காததை எழுதியாவது பிடிப்போம் என்று, பள்ளியில் படித்த தமிழ் யாப்பைக் கையில் எடுத்தேன். குறில், நெடில் பார்த்து நேர், நிரை போட்டேன். 'அலோன்' என்ற சொல்லில் குறிலும் நெடிலும் சேர்ந்து வருவதால் அது எனக்கு ஒரே நிரையசை. இங்கிலீஷ்காரனுக்கு அது இரண்டு அசை. பத்து வரவேண்டிய இடத்தில் ஏழோ எட்டோ வந்தது. மிச்சத்தை எங்கே தேடுவது?

லெக்சரர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "கண்ணால அளக்காதீங்க, வாயால சொல்லிப் பாருங்க" என்று இங்கிலீஷில் சொன்னார். சொன்னேன். எங்கள் ஊர் இங்கிலீஷில் எல்லா அசைக்கும் ஒரே மரியாதை. எதையும் விழுங்க மாட்டோம், எதையும் தூக்கியும் பேச மாட்டோம். அழுதாலும் பிள்ளை அவளே பெற வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ரயில் ஏறினேன்.

பரீட்சையும் ஒரு சனிக்கிழமை மதியம்தான் வந்தது. மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பையை எடுத்துக் கிளம்பும் நேரத்தில் அவரே வந்து நின்றார். அவரும் தமிழர்தான், கிள்ளான்காரர்.

"சிஸ்டர், கன்டேனர் லேட்டு. இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் ஓட்டி பண்ணிருங்க லா. வேற ஆளு இல்ல."

ஓவர்டைமைத்தான் ஓட்டி என்பார்கள். வருஷக்கணக்காக அதற்கு என் பதில் "சரி பாஸ்" மட்டும்தான். அந்தப் பதில் அன்றும் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குமுன் கோபம் முந்திக்கொண்டது. எங்களுக்கெல்லாம் ஆபீசில் கோபம் வந்தால் தமிழ் ஓடிவிடும்.

"ஐ கேனாட் டூ தி ஓவர்டைம் டுடே."

கத்தவில்லை. நிறுத்தி, இடம் பார்த்து அடித்துச் சொன்னேன். 'கேன்' என்பதில் ஒரு அடி, 'டூ'வில் ஒன்று, 'ஓ'வில் ஒன்று, 'டைம்', 'டே'. சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. பத்து அசை, ஐந்து அடி.

மேனேஜர் என்னை ஒரு நொடி பார்த்தார். "ஓ, எக்ஸாம்ல? மறந்துட்டேன். போங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சந்தக் கேள்வியைத் தடுமாறாமல் எழுதினேன். பாஸும் ஆனேன். ஆனால் பரீட்சைக்குப் போகும் வழியில், ரயில் ஷா ஆலமைத் தாண்டும்போது, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷம் இல்லை. முடியாது என்று சொன்னால் மேனேஜர் போய்விடுவார் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.