ஓரத்து மரங்கள்

ரப்பர் ஆராய்ச்சிப் பண்ணையில் இருபது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. மரத்தில் நெஞ்சுயரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை டேப்பால் சுற்றிப் பிடித்து, சுற்றளவைச் சொல்ல வேண்டும். அதனால் பண்ணையில் அவள் பெயரே டேப்பக்கா. மரத்துக்குச் சட்டை தைக்கப் போகிறாயா என்று கேலி செய்யாத ஆள் கிடையாது. துணியை நீ எடுத்துக் கொடு, தைத்துவிடலாம் என்பாள்.

மரங்களை நெருக்கி நட்ட பகுதி ஒன்று, இடம் விட்டு நட்டது ஒன்று. எது நன்றாகப் பருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஓர வரிசையை மட்டும் அளக்கவே கூடாது. வெளிவெயில் படுகிற மரம் எப்படி நட்டாலும் பருத்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள்.

சொல்லி என்ன பிரயோசனம்? ரப்பர் நடப்போகிறேன், எப்படி நடலாம் என்று தம்பி கேட்டபோது, நெருக்கி நட்ட பகுதியில் பாதையோரம் தினமும் பார்க்கிற தடித்த மரங்கள்தான் கண்ணுக்குள் வந்து நின்றன. நெருக்கியே நடு என்று சொல்லித் தொலைத்தாள்.

ஏழு வருஷம் போயிற்று. இனிப் பால் வெட்டிப் பிழைக்கலாம் என்று தம்பி லாரி ஓட்டுவதையும் விட்டுவிட்டான். சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் இருந்தால்தான் பட்டையைக் கீறிப் பால் வெட்டலாம். அக்கா அவன் தோட்டத்தில் டேப்பைச் சுற்றினாள். முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு எல்லாம் ஒல்லியாக மேலே போயிருந்தன. பட்டையும் மெல்லிசு. வேலியோரம் வந்தாள். ஐம்பத்திரண்டு. பாவி, டேப்பைச் சுருட்டிக்கொண்டு தம்பியிடம் வந்தாள்.

சும்மா தலையாட்டியிருந்தால் அவன் அன்றைக்கே மரத்தில் கத்தியை வைத்திருப்பான். ஆனால் அவள் மறைக்கவில்லை.

"இப்பப் பால் வெட்டினா மரம் பருக்காம இதோட நின்னுடும்டா. பாதி மரத்தை எடுத்துட்டு, மிச்சம் பருக்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் பொறுக்கணும். தப்பு என்னுது. ஓரத்து மரத்தைப் பாத்துட்டுச் சொல்லிட்டேன்."

திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் உள்ளே போய்ச் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்தான். எதை எடுக்க வேண்டும் என்று நீயே கோடு போடு என்றான். ஒன்று விட்டு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். ஒரு வரிசை முடிந்ததும் அவன் சொன்னான்.

"நீ ஓரத்து மரத்தைப் பாத்தே. நான் உன்னைத்தானேக்கா பாத்தேன்."

அடுத்த மரத்துக்கு அவளுக்குக் கை எழும்பவில்லை. அவனே பிரஷை வாங்கிக் கோடு போட்டான்.