மே இருபத்தெட்டு

பதின்மூன்று வருஷம் மருந்துக்கடையில் நின்றவள், தேதி பார்க்காமல் எதையும் வீட்டுக்குள் விடமாட்டாள். வந்திறங்கிய முதல் வாரம் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த கடையில் பால், ரொட்டி, பற்பசை என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பெருமூச்சு விட வைத்தாள். ஊரில் தெருவே அவளை ‘மருந்துக்கடை அக்கா’ என்றுதான் கூப்பிடும். இங்கே கூப்பிட ஆளில்லை. கணவர் ‘இந்தாம்மா’ என்பார், அவ்வளவுதான்.

அவர் லிப்ட் மெக்கானிக். இரண்டு வருஷமாகத் தனியாக இருந்துவிட்டு, இப்போதுதான் குடும்பத்துக்கு விசா வாங்கி அழைத்துக்கொண்டார். ஏப்ரல் கடைசியில் அவளும் ஆறு வயதுச் சின்னவளும் வந்து சேர்ந்தார்கள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் பெரியவளுக்கு ஜூன் முதல் வாரம் வரை பரீட்சை இருந்தது. அதுவரை சித்தி வீட்டில் இருக்கட்டும், விசாவைப் பிறகு வாங்கி, பரீட்சை முடிந்ததும் விமானம் ஏற்றிவிடலாம் என்று ஏற்பாடு. மிச்சப் படிப்பை இங்கேயே படித்துக்கொள்ளலாம்.

வீடு ஐந்தாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கடுகு தாளித்தால் போதும், கூரையில் ஒட்டியிருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டும். சின்னவள் துண்டோடு நாற்காலி மேல் ஏறி நின்று வீசி அடக்குவாள். இரண்டாவது வாரத்திலேயே அவளுக்கு அது உத்தியோகமாகிவிட்டது.

"அம்மா, கடுகு போடப் போறியா? சொல்லிட்டுப் போடு, நான் ஏறிக்கறேன்."

லீவு நாளானால் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். கண்ணாடிக் கோபுரம், திமிங்கல எலும்பு வைத்த காட்சிசாலை, ஊருக்கு நடுவே பெரிய ஏரி. எங்கே போனாலும் அவர் முதலில் லிப்டைத்தான் பார்ப்பார். "இது கயிறே இல்லாத லிப்ட், தெரியுமா? எண்ணெய் அழுத்தத்துல ஏறுது" என்று உள்ளே நின்று விளக்கிக்கொண்டிருப்பார். இறங்க வேண்டிய மாடி போய்விடும்.

"ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து லிப்டைச் சுத்திக் காட்டுறீங்களே" என்பாள் அவள்.

போட்டோ எடுக்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தனக்கும் கணவருக்கும் நடுவில், பெரியவளுக்கென்று ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டுத்தான் நிற்பாள். எடுத்துக் கொடுக்கிறவர்கள் கையால் சைகை காட்டி ஒட்டி நிற்கச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள், நகரமாட்டாள். படம் பெரியவளுக்குப் போகும். உடனே பதிலும் வரும்: ‘அம்மா, செருப்புக்கு உள்ள எதுக்கு சாக்ஸ்? நான் வர்ற வரைக்கும் வெளியில தலைகாட்டாத.’

"பெரியவ விசா பேப்பரை எப்பங்க ஆபீஸ்ல குடுக்கப் போறீங்க?" என்று மே மாத நடுவில் ஒருநாள் கேட்டாள்.

"பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள குடுத்தாப் போதும். அவளுக்கு நவம்பர்லதானே? முதல்ல நீங்க ரெண்டு பேரும் நாலு இடம் பாருங்க. லீவு நாள்ல ஆபீஸ் வாசல்ல போய் உட்காரணுமா?"

அவளும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்கு மேல் கிடந்தது. சரிதான் என்று விட்டுவிட்டாள்.

ஜூன் முதல் வாரத்தில், மீன் காட்சிசாலைக்குப் போகும் வழியில் அப்படியே கொடுத்துவிடலாம் என்று கம்பெனி அலுவலகத்தில் நுழைந்தார்கள். விசா வேலை பார்க்கிறவர் தமிழ்க்காரர்தான். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியவர், பெரியவளின் பாஸ்போர்ட் நகலில் நின்றுவிட்டார்.

"அண்ணே, பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சே."

"இல்லீங்க. நவம்பர்லதான்."

"இதுல மே இருபத்தெட்டுன்னு இருக்கு. போன வாரம்."

"அது பள்ளிக்கூடத்துக்காகப் போட்டதுங்க. நிஜத் தேதி வேற."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் நம்புறேன் அண்ணே. கம்ப்யூட்டர் நம்பணுமே. அப்பா விசாவுல பதினெட்டு வரைக்கும்தான். ஒரு மூணு வாரம் முந்திக் கொண்டாந்திருந்தீங்கன்னா பத்தே நாள்ல முடிச்சுக் குடுத்திருப்பேன்."

"தேதியை மாத்திக் கொண்டு வந்தா?"

"மார்க் ஷீட்ல மாத்தணும், பாஸ்போர்ட்ல மாத்தணும். அதுக்குள்ள அந்த நவம்பரும் போயிடும். விசிட் விசாவுல கூப்பிட்டுக்குங்க. ரெண்டு மாசம் இருந்துட்டுப் போகலாம், விருந்தாளி மாதிரி."

கணவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அந்தத் தேதியைப் போட்டது அவள்தான். அப்போது பெரியவளுக்கு நாலரை வயது. மருந்துக்கடையில் வேலை சொல்லியிருந்தார்கள், திங்கட்கிழமை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாருமில்லை. "நவம்பர்ல பொறந்த குழந்தையா? அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார் தலைமையாசிரியை. "ஒரு வருஷம் வீணாப் போயிடும் டீச்சர், மேன்னு போட்டுக்குங்களேன்" என்று இவள் கெஞ்சினாள். எந்தத் தேதி என்று கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொன்னாள். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இரண்டு பிறந்தநாள், ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. பள்ளிக்கூடத்துப் பிறந்தநாளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இத்தனை வருஷமாக எந்த விண்ணப்பத்தில் அதை எழுதினாலும் கை எழுதியதே தவிர மனசு படித்ததில்லை. ஒருநாள் தாண்டிய மாத்திரை அட்டையைக்கூடத் தனியே எடுத்து வைக்கிறவள்.

"மீன் பார்க்கப் போகலையா?" என்றாள் சின்னவள். போனார்கள்.

தலைக்கு மேல் கண்ணாடிக் குகை, அதற்கு மேல் தண்ணீர். தட்டையான பெரிய மீன் ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு நீந்திப் போனது. சின்னவள் அதன் பின்னாலேயே ஓடினாள், கணவர் சின்னவள் பின்னால் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் மே இருபத்தெட்டைத் தேடினாள். அன்றைக்கு ஏரியில் படகில் இருந்திருக்கிறார்கள். காற்றில் முடி பறக்க, அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும்தான் நவம்பர் நவம்பர்னு இருந்துட்டேன்" என்றார்.

"நீங்க பாஸ்போர்ட்டைப் பார்த்திருந்தா எழுதியிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. நான்தாங்க எழுத வச்சவ."

"நாம வேணா திரும்பிப் போயிடலாமா?" என்று கேட்டார். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தாயிற்று. ஊர் வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்தாயிற்று. அவளுடைய வேலைக்கும் ஆள் போட்டாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "பெரியவகிட்ட நான் பேசிக்கறேன். அந்த டீச்சரம்மா தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லிடலாம். அவங்க எங்க இருக்காங்களோ என்னவோ" என்றார் கணவர்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அப்படியே சொன்னார். பெரியவள் முழுக்கக் கேட்டாள்.

"அதெப்படிப்பா? டீச்சர் தப்பா எழுதினா நீங்க யாரும் பார்க்கலையா? பாரத்துல யாரு கையெழுத்து போட்டது?"

அவள் கணவரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான்டி. டீச்சர் மேல தப்பில்ல. நான்தான் மாத்திப் போடச் சொன்னேன். நான் அப்ப வேலைக்குப் போக வேண்டியிருந்துச்சு. உன்னைப் பார்த்துக்க ஆளில்ல."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. சித்தி வீட்டு மின்விசிறி எப்போதுமே கொஞ்சம் கரகரக்கும்.

"சரிம்மா."

"என்னடி சரி? திட்டுறதுன்னா திட்டிடு."

"திட்டி என்ன பண்ண? சித்திக்கும் எவ்வளவு நாள்தான் கஷ்டம் குடுக்கறது? காலேஜ் ஹாஸ்டல்ல கேட்டுப் பார்க்கறேன்."

"அதுக்கு அப்பா அம்மா யாராவது வந்து கையெழுத்துப் போடணுமே. சித்தப்பாவை விட்டுப் போடச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா. பதினெட்டு முடிஞ்சிருந்தா நாமே போட்டுக்கலாம்னு ஹாஸ்டல்ல இருக்கற பிள்ளைங்க சொல்லியிருக்காங்க. எனக்குத்தான் முடிஞ்சிருச்சே."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் உற்றுக் கேட்டாள். இல்லை. விலாசம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கணவர் கையை நீட்டினார், அவள் போனைக் கொடுக்கவில்லை.

"என்னைக்குப் போய்ப் போடணும்?"

"திங்கக்கிழமை போகலாம்னு இருக்கேன்."

"என்ன எழுதியிருக்குன்னு ஒருதடவை நல்லாப் படிச்சுப் பார்த்துட்டுப் போடு" என்றாள்.