ஒற்றை விசில்

எங்கள் கண்டக்டருக்குச் சிரிக்கவே தெரியாது என்று பயணிகள் சொல்வார்கள். அது அபாண்டம். எப்போதாவது சிரிப்பார், ஆனால் டிப்போவுக்குள் வந்த பிறகுதான். அவருடைய விசிலுக்குத்தான் இத்தனை வருஷமாக நான் பஸ் ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் மட்டும் மகா கண்டிப்பு. ஒரு விசில் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ரெண்டு விசில் என்றால் இறங்கலாம், ரோட்டைக் கடக்கலாம். எந்த வாலும் அவரிடம் ஆடாது.

அவருடைய அக்கா மகளுக்குச் சினிமாப் பைத்தியம். தெருப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதை வைத்து ஒரு சின்ன நகைச்சுவைப் படம் எடுத்தாள். அவருக்கோ அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. டிப்போவில் டிக்கெட் கவுண்டர் வேலை ஒன்றை அவளுக்காகச் சொல்லி வைத்திருந்தார். படம் சரியாக வராவிட்டால் அந்த வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்படியிருந்தும் நடுவர் வேஷத்துக்கு ஆள் வராத அன்று, "மாமா, நீங்கதான் வரணும்" என்று அவரையே இழுத்துக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கடைசிக் காட்சி. கையில் இருந்ததும் கடைசி ஃபிலிம் சுருள். நடுவர் விசில் அடிப்பார், ஒரு சிறுமி பெனால்டி உதைப்பாள், அத்தனை பேரும் பந்தின் மேல் பாய்ந்து குவியலாக விழ வேண்டும். ஒத்திகையில் அக்கா மகள் கை தட்டியதும் எல்லாரும் அழகாக விழுந்தார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. நம்மாள் பெருமையாகப் பையிலிருந்து சொந்த விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினார்.

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் நம் பஸ்ஸில் வருகிறவர்கள். பந்தை லேசாகத் தொட்ட சிறுமி ஒற்றைக் காலில் நின்றாள். கையை விரித்த கோல்கீப்பர் விரித்தபடியே நின்றான். பந்து மட்டும் மெல்ல உருண்டு அவன் கால்களுக்கு நடுவே கோலுக்குள் போனது. அவன் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தான். ஓரமாக நின்ற என் வலது கால்கூட பிரேக்கைத் தேடியது என்றால் பாருங்கள்.

பதறிப்போன கண்டக்டர் ரெண்டு விசில் அடித்தார். இரண்டு அணியும் ஒட்டுமொத்தமாக மைதானத்தை விட்டே ஓடிவிட்டன. சுருளும் தீர்ந்தது.

அக்கா மகள் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. "வேலைக்கு அனுப்பணும்னு வேணும்னே கெடுத்துட்டேன்னு நெனச்சிருப்பாய்யா," என்று என்னிடம் புலம்பினார். பிறகு பஸ்ஸில் விசிலே அடிக்கவில்லை. தகரத்தைக் கையால் தட்டினார். எனக்குப் பாதி கேட்கவில்லை, எரிச்சலாக வந்தது.

படத்தைப் பள்ளிக்கூட ஹாலில் போட்ட அன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். சட்டையைப் பிடித்து இழுத்துப் போனேன். பந்து உருண்டபோது ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. அது கோலுக்குள் போனதும் கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தார்கள். அடுத்து, வாயில் விசிலோடு பேயறைந்தது போல் நின்ற அவர் முகம் திரை முழுக்க வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இன்றைக்கும் குழந்தைகள் பட விழா என்றால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

விளக்கு போட்டதும் அவள் எங்களிடம் வந்தாள். அவர் அவசரமாக எழுந்து நின்றார்.

"வேணும்னு பண்ணல பாப்பா."

"தெரியும் மாமா. உங்க மூஞ்சிய எடிட்டிங்ல எத்தனை தடவை பாத்திருப்பேன்! அப்படி யாராலயும் நடிக்க முடியாது."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் என்னப் பாத்தாலே ஓடிட்டீங்களே!"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், அதுவும் டிப்போவுக்கு வெளியே. மறுநாள் காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் போய், அந்தக் கவுண்டர் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார்.