‘அடித்தார்’ என்ற சொல்லை மாற்றிய மதியம்

மும்பை தாராவியில் ஒரு சந்துக்குள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நகல், லேமினேஷன், மனு தட்டச்சு. பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தி புதன்கிழமை மதியங்களில் வந்து என் கம்ப்யூட்டரில் உட்காருவாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவன் அடிக்கும்போதெல்லாம் எழுதிவைக்கச் சொல்லியிருந்தார் தாதரில் ஒரு வக்கீலம்மா.

“அண்ணே, இது அவரு கண்ணுல படாதுல்லா?”

“பாஸ்வேர்டு போட்டாத்தான் எழுத்தே தெரியும்மா. அங்கனயே திருத்தி சேவ் பண்ணினா, திரும்பப் பூட்டிக்கிடும்.”

மறந்துவிடுமோ என்று பாஸ்வேர்டை என்னிடமும் சொல்லிவைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் கணவன் வந்தான். அவள் இங்கே வந்து எழுதுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டான்.

“அவ எழுதினதைத் தொறலே.”

பாஸ்வேர்டைச் சொல்லாமல் தப்பிக்க, அது கேட்காத சாதாரண எடிட்டரில் திறந்து காட்டினேன். திரை முழுக்கக் கிறுக்கல் எழுத்துகள். கேலி செய்கிறேன் என்று நினைத்தான். என் முடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் இரண்டு முறை இடித்தான். ஒரு பல் நாக்கில் கழன்று விழுந்தது. பிறகு, சூடேறியிருந்த லேமினேஷன் மிஷினின் வாயில் என் இடக்கை விரல்களைத் திணித்தான். உருளைகள் இழுத்தன. தோல் வேகும் வாடை வந்ததும் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன்.

எழுத்துகள் தெரிந்தன. ஆனால் அவன் இங்கேயே பிறந்து இந்தியில் படித்தவன். தமிழ் வாசிக்க வராது.

“படிலே.”

படித்தேன். “குக்கர் மூடியால் நெற்றியில் அடித்தார். நான்கு தையல். வயிற்றில் மிதித்தார். மூன்றாம் மாதக் கரு தங்கவில்லை.”

அவன் முகம் மாறவில்லை. “அழிச்சா மறுபடி எழுதுவா. கீழ விழுந்தேன்னு மாத்து. கோர்ட்டுல அதையே காட்டட்டும்.”

ஒற்றைக் கையால் ஒவ்வொரு வரியாக மாற்றினேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவன் முன்னால் வேறெதையாவது தட்டியிருக்கலாமே என்று பின்னால் பலரும் கேட்டார்கள். அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் சொன்னதைத்தான் தட்டினேன். சேவ் செய்ததும் என் விலாவில் ஓர் உதை விட்டுப் போனான்.

மறுநாள் காலை, நான் அடிபட்டதைக் கேள்விப்பட்டு அவள் வந்தாள். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தாள்.

“பாஸ்வேர்டை நான்தாம்மா சொன்னேன். எல்லாத்தையும் மாத்தினதும் நான்தான்.”

கோப்பைத் திறந்து கடைசிவரை வாசித்தாள். “அவரு கையில மாட்டினா நானுஞ் சொல்லியிருப்பேன், அண்ணே,” என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து, தன் உடம்பில் ஒவ்வொரு தழும்பாகத் தடவிப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி தட்டினாள். என் கையைப் பற்றியும் எழுதினாள். அன்று வீட்டுக்குத் திரும்பவில்லை. நேரே வக்கீலம்மாவிடம் போனோம். போலீஸில் நானும் சாட்சி சொன்னேன். அவன் உள்ளே போனான்.

அவள் இப்போது மான்குர்தில் தனியாக இருக்கிறாள். என் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அவன் சொல்லச்சொல்ல நான் தட்டிய வரிகள் இன்னும் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கின்றன.